இத்தா மாதங்களில் ஒரு பிரிண்டர்

பனைக்குளத்துப் பெண்கள் பாஸ்போர்ட் போட்டோ எடுப்பதற்காக இராமநாதபுரம் பஸ் ஏறுவது நின்றுபோனதற்குக் காரணம் ஜுனைதா. கடைத்தெருவில் மகள் பெயரில் 'கனி ஸ்டுடியோ' என்று ஓர் அறை. புருஷன் பாக்கர் கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு கல்யாண வீடுகளுக்குப் போய்விடுவான். பெண்கள் வந்தால் உள்ளறையில் ஜுனைதாதான் படம் எடுப்பாள். அவளே கம்ப்யூட்டரில் வெட்டிச் சரிசெய்து அச்செடுத்தும் கொடுப்பாள். வேற்று ஆணுக்கு முன்னால் முக்காட்டை ஏற்ற வேண்டியதில்லை என்பதற்காகவே பக்கத்து ஊர்களிலிருந்தும் ஆள் வந்தது.

இங்க்ஜெட் பிரிண்டரை 2004ல் மதுரையிலிருந்து வாங்கி வந்தவன் பாக்கர். வாங்குவதில்தான் அவனுக்கு ஆசை. பராமரிப்பதெல்லாம் ஜுனைதா தலையில் விழுந்தது. அந்த மெசினில் மை இறங்கும் துளைகள் கண்ணுக்கே தெரியாத அளவு சிறியவை. நாலைந்து நாள் ஓடாமல் கிடந்தால் மை அங்கேயே காய்ந்து அடைத்துக்கொள்ளும். அதனால் வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் தினம் ஒரு தாள் நாலு நிறத்திலும் ஓட்டிவிடுவாள். கடலிலிருந்து வரும் மணற்காற்றுக்குத் தலையணை உறை ஒன்றைப் போட்டு மூடுவாள். முக்கியமாக, மெசினில் உள்ள பட்டனை அமுக்கித்தான் நிறுத்துவாள். அப்படி நிறுத்தினால் மைத்தலை தானாக ஓரத்துக்குப் போய், ஈரப் பஞ்சு வைத்த ரப்பர் மூடியின் மேல் உட்கார்ந்துகொள்ளும். சுவரிலுள்ள சுவிட்சை அணைத்தால் போன இடத்திலேயே வாயைத் திறந்தபடி நின்றுவிடும். இதைப் பாக்கரிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள். "நீ அதுக்கு மாமியார் மாதிரி, ஜுனைதா" என்று சிரித்துவிட்டு மறந்துவிடுவான்.

2007 ஜனவரியில் ஒரு நாள், கடையில் பாஸ்போர்ட் படங்கள் அச்சாகிக்கொண்டிருக்கும்போதே பாக்கர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தான். ஓடி வந்தவர்களில் யாரோ நல்ல எண்ணத்தில் மெயின் சுவிட்சை அணைத்து, கதவைச் சாத்திவிட்டுப் போனார்கள். ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது.

ஜுனைதா இத்தாவில் உட்கார்ந்தாள். நாலு மாதம் பத்து நாள் வாசலைத் தாண்டக்கூடாது, வெள்ளைச் சேலைதான், அலங்காரம் கூடாது, வெளி ஆண்கள் முன்னால் வரக்கூடாது. கொழுந்தன் சலாஹுதீனும் அதில் சேர்த்தி. இறந்தவனுக்காக ஓதும் மூன்றாம் நாள் பாத்திஹா முடிந்து அவன் திரைக்கு அந்தப் பக்கம் நின்று, அண்ணன் மனைவியிடம், "மச்சி, எதுவும் வேணுமா?" என்று கேட்டான்.

"தம்பி, கடையில பிரிண்டரை யாராச்சும் ஒழுங்கா நிறுத்துனாங்களா?"

திரைக்கு இந்தப் பக்கம் ஓத வந்திருந்த பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். புருஷனை அடக்கம் செய்து மூன்று நாள்கூட ஆகாதவள் கேட்கிற கேள்வியா என்று அன்று மாலையே தெருவில் பேச்சு வந்தது. ஜுனைதா அழாமல் இருக்கவில்லை. அழுதுகொண்டே இதையும் நினைத்தாள்.

சலாஹுதீன் போய்ப் பார்த்தான். தாள் பாதியில் நின்றிருந்தது. எட்டுப் படத்தில் நாலு வந்திருந்தது. மறுநாள் மறுபடி திரைக்கு வந்தான்.

"மச்சி, படம் பூரா கோடு கோடா வருது. மஞ்சள் சுத்தமா வரலை. கம்ப்யூட்டர்ல கிளீனிங் குடுத்து, மையைப் பீச்சிவிட்டுப் பார்த்தேன்."

"எத்தனை தடவை?"

"வரட்டும்னு பத்துப் பன்னெண்டு தடவை குடுத்தேன். மைதான் பாதி போச்சு."

"புள்ளைக்கு இருமல்னா பாட்டிலோட மருந்தை வாயில கவுத்துவீகளா தம்பி? ரெண்டு தடவை குடுக்கணும். வரலைன்னா அரை நாள் விட்டுறணும், காஞ்ச மை ஊறணும்."

"அதெல்லாம் எனக்கு ஒத்துவராது மச்சி. நான் சொல்றேன்னு கோவிச்சுக்காதீக. அதை வந்த விலைக்குத் தள்ளிட்டு அங்கன ரீசார்ஜ் கடை போட்டா சிவனேன்னு ஓடும்."

கடை அறை மாமியார் குல்சும் பேரில் இருந்தது. சின்னவனுக்கு ஒரு வழி செய்ய வேண்டும் என்று அவளுக்கும் நெடுநாளாக யோசனை. ஆனால் மருமகளும் ஒரு பெண் குழந்தையை வைத்துக்கொண்டிருக்கிறாள். இரண்டு பேரும் தன் முகத்தைப் பார்ப்பது அவளுக்குப் பிடிக்கவில்லை.

"ஏலே சலாஹு, அந்தக் கருமத்தை வீட்டுக்குத் தூக்கிட்டு வா. இங்கன அவ கண்ணு முன்னால கிடக்கட்டும்" என்றாள். பிறகு மருமகள் பக்கம் திரும்பினாள். "இத்தா கழிஞ்சு கடைக்குப் போற அன்னைக்கு ஒரு படம் எடுத்துக் காட்டு. சுத்தமா வந்தா கடை ஒனக்கு. இல்லைன்னா அவனுக்கு. இதுக்கு மேல ரெண்டு பேரும் எங்கிட்டப் பேசாதீக."

பிரிண்டர் ஜுனைதாவின் அறை மூலையில், அரிசி டிரம்முக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. கம்ப்யூட்டர் தேவையில்லை. தாள் பட்டனை அழுத்திக்கொண்டே பவர் பட்டனை அமுக்கினால் சோதனைத் தாள் ஒன்று வெளியே வரும். நாலு நிறத்தில், படிக்கட்டுப் போலச் சின்னச் சின்னக் கோடுகள். எந்தக் கோடு விட்டுப்போயிருக்கிறதோ அந்தத் துளை அடைத்திருக்கிறது என்று அர்த்தம். முதல் தாளில் கறுப்பும் நீலமும் தேறின. சிவப்பில் பல் விழுந்த சீப்புப் போல இடைவெளிகள். மஞ்சள் இருந்த இடம் வெறும் வெள்ளை.

பக்கத்து வீட்டுச் சிறுவனை அனுப்பி, பைக் மெக்கானிக்கிடம் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் ஒரு பாட்டில் வாங்கினாள். குழாய்த் தண்ணீரில் உப்பு. அது துளையில் போனால் மை அடைப்பைவிட மோசம். மெல்லிய மல்லுத் துணியை மடித்து நனைத்து, மைத்தலை போய்வரும் பாதையில் வைத்து, தலையை அதன் மேல் மெல்லத் தள்ளி நிறுத்தி ஊறவிட்டாள். காது குடையும் பஞ்சுக் குச்சியால் ரப்பர் மூடியின் விளிம்பைத் துடைத்தாள். விளிம்பில் ஒரு முடி ஒட்டியிருந்தால்கூட மூடி சரியாகப் பொருந்தாது, காற்று புகுந்து மறுபடி காயும். பிளாஸ்டிக் உறை போட்ட கைக்கு அந்த முடி தட்டுப்படாது. ஆகவே வெறும் விரலால் தடவிப் பார்ப்பாள். ஒரு வாரத்தில் சிவப்பு திரும்பியது. மஞ்சளில் மூன்று கோடு எட்டிப் பார்த்தது.

விரலில் ஏறிய சிவப்பு மை சோப்புக்குப் போகவில்லை. நகக்கண் வரை இறங்கி, வெளுத்து, கடைசியில் செம்மண் நிறத்தில் நின்றது.

பாக்கரின் குப்பி, அவன் வாப்பாவின் கூடப்பிறந்த காலிதா, நாற்பதாம் பாத்திஹாவுக்கு முந்தின நாள் வந்தவர், ஜுனைதாவின் கையைப் பிடித்துப் பார்த்தார். காலிதா பொல்லாதவர் அல்ல. பார்த்ததை மனசுக்குள் வைத்துக்கொள்ளத் தெரியாதவர்.

"ஏண்டி புள்ள, இத்தாவுல மருதாணியா?"

"மருதாணி இல்லை, குப்பி. பிரிண்டர் மை."

"ஆமா, நாங்க மருதாணியே பார்க்காதவக. எம் புள்ளையோட கபுர் மண்ணு காயலை, இவளுக்கு விரல் செவந்திருக்கு."

"வாங்க குப்பி, இங்கன வந்து பாருங்க."

"நான் எதுக்கு அதைப் பார்க்கணும்? அது என்ன எனக்குச் சோறா போடப்போகுது?"

குல்சும், காலிதா போன பிறகு, வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னாள்: "நாளையிலேருந்து நீ அதைத் தொடாத. ஊரு வாயில விழ என்னால ஆகாது."

"தொடலைன்னா அடைச்சிக்கும் மாமி. அப்ப நீங்க சொன்ன பேச்சு?"

குல்சும் வெற்றிலையை மென்று முடித்தாள். பந்தயம் கட்டிவிட்டு மாட்டின் காலைக் கட்டுவது போல ஆகிவிடும் என்று அவளுக்கே தெரிந்தது.

"அப்ப நான் தொடுறேன். நீ வாயால சொல்லு. வெவரமாச் சொல்லணும், ஆமா. அப்புறம் மாமி கெடுத்துட்டாகன்னு ஒரு சொல்லு வரக்கூடாது."

இப்படித்தான் குல்சும் மெசினுக்கு வந்தாள். முதல் நாள் மூடியைத் திறக்கவே பயந்தாள். "கடிக்காது மாமி" என்றாள் ஜுனைதா. பவர் பட்டனை அழுத்தி, தலை கரகரவென்று நகர்ந்ததும், "யா அல்லா" என்று இரண்டடி பின்னால் போனாள். ஜுனைதாவுக்கு, புருஷன் போன பிறகு முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

கொஞ்ச நாளில் குல்சும் நடுப்பகல் லுஹர் தொழுதுவிட்டு, மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, யாரும் சொல்லாமலே மெசின் முன்னால் போய் உட்கார ஆரம்பித்தாள். தாளை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து மஞ்சள் கோடுகளை எண்ணுவாள். மஞ்சள் கண்ணுக்குச் சட்டென்று பிடிபடாது. நீலப் பாலித்தீன் பையை மேலே வைத்துப் பார்த்தால் கறுத்துத் தெரியும் என்று ஜுனைதா சொல்லிக்கொடுத்தாள். ஏப்ரல் வெயிலில் ஒரு நாள் வந்த கோடுகள் மறுபடி காணாமல் போயின. குல்சும் அன்று மீன்காரியிடம்கூட எரிந்து விழுந்தாள். "நேத்து வந்தவனுக்கு இன்னைக்கு என்ன கேடு?" என்று மெசினைக் கேட்டாள். மறுபடி ஊறவிட்டார்கள்.

காலிதா இன்னொரு முறை வந்தபோது குல்சும் கையை நீட்டிக் காட்டினாள். விரல்களில் சிவப்பும் நீலமும்.

"மதினி, எம் மருமக எனக்கும் வச்சு விட்டிருக்கா. நல்லா செவந்திருக்கா பாருங்க."

காலிதா டீயை முழுசாகக் குடிக்காமல் எழுந்து போனார்.

மே மாதக் கடைசியில் இத்தா கழிந்தது. குளித்து, ஓதி, மறுநாள் காலை ஜுனைதா கடைக்குப் போனாள். பிரிண்டரை மடியில் வைத்துக்கொண்டு சலாஹுதீன் ஆட்டோவில் வந்தான். குல்சும் பின்னாலேயே நடந்து வந்து கடையின் ஒரே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"எம் படத்தையே எடுங்க மச்சி" என்றான் சலாஹுதீன். "நியாயமா இருக்கும்."

எடுத்தாள். தாள் மெல்ல வெளியே வந்தது. மூவரும் குனிந்து பார்த்தார்கள். முகம் தெளிவு, சட்டை தெளிவு. வலது கன்னத்தின் குறுக்கே மட்டும் முடியளவு ஒரு வெள்ளைக் கோடு.

ஜுனைதா கையைப் பின்னுக்கு எடுத்துக்கொண்டாள். 

"கோடு விழுந்திருச்சு உம்மா" என்றான் சலாஹுதீன். அவன் குரலில் சந்தோஷம் என்று சொல்ல முடியாது. "நீங்க சொன்ன பேச்சுத்தான்."

குல்சும் தாளை வாங்கி வாசல் வெளிச்சத்தில் பிடித்தாள். கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒருமுறை, போட்டுக்கொண்டு ஒருமுறை.

"இது அடைப்பில்லை. ஆட்டோவுல குலுங்கி மைக்குள்ள காத்து ஏறியிருக்கு. ஏலே, மடியில வச்சுக்கன்னா ஆட்டு ஆட்டுன்னு ஆட்டியா கொண்டாருவ? ஜுனைதா, ஒரு தடவை கிளீனிங் குடு. ஒண்ணே ஒண்ணு. கொஞ்சம் பொறுத்து மறுபடி எடு."

"உம்மா, ஒரு படம்னுதான சொன்னீக?"

"சொன்னேன். மெசின் தெரியாம சொன்னேன்."

மூவரும் டீ வரவழைத்துக் குடித்தார்கள். அதற்குப் பிறகு எடுத்த படத்தில் கோடு இல்லை. சலாஹுதீன் அதை நெடுநேரம் பார்த்தான்; குறை கண்டுபிடிக்கவும் பார்த்திருக்கலாம், தன் முகம் என்பதாலும் இருக்கலாம். ரீசார்ஜ் கார்டுகளைத் தொங்கவிட வாசல் கதவில் இடம் கேட்டான். ஜுனைதா சரி என்றாள்.

அதற்குள் மக்காவுக்கு உம்ரா போகும் பெரியபட்டினத்துப் பெண்கள் இருவர் படியேறி, "போட்டோப் புள்ள வந்திருச்சா?" என்று கேட்டார்கள். குல்சும் நாற்காலியை விட்டு எழுந்து வழிவிட்டாள். ஜுனைதா மூத்தவரை உள்ளறைக்குக் கூப்பிட்டு, ஸ்டூலில் உட்காரவைத்து, முக்காட்டை நெற்றிக்கு மேலே கொஞ்சம் ஏற்றச் சொன்னாள்.