காய்ச்சல் லீவில் பார்த்த படம்

போன வாரம் ஒரகடம் போகிற வழியில், ஸ்ரீபெரும்புதூரில் மழை பிடித்துக்கொண்டது. ஒரு தீவனக் கடையில் ஒதுங்கினேன். ஈரச் சாக்கு வாசனை மூக்கில் ஏறியதும் எனக்கு ஞாபகம் வந்தது ஒரு வெளிநாட்டுப் படம். சிரிக்காதீர்கள், நான் உலக சினிமா பார்த்ததெல்லாம் அந்த வாசனையில்தான்.

தொண்ணூற்றொன்றில் அங்கே கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு நெல் கிடங்கு காலியாகக் கிடந்தது. போட்டோ ஸ்டுடியோக்காரர் ஒருவர் அதைப் பிடித்து, வெள்ளிக்கிழமை சாயங்காலங்களில் படம் போட்டார். பாட்டும் சண்டையும் இல்லாத படங்கள். இருபது மடக்கு நாற்காலி, வேட்டி மாதிரி ஒரு திரை. தொடங்குமுன் அவரே எழுந்து நின்று கதையைத் தமிழில் சொல்லிவிடுவார், முடிவை மட்டும் விட்டுவிட்டு. கீழே ஓடும் இங்கிலீஷில் நான் ஒரு வரியைப் படிப்பதற்குள் மூன்று வரி போயிருக்கும். அதனால் முகங்களையே பார்த்துக்கொண்டிருப்பேன். அது போதுமாக இருந்தது.

என்னை அங்கே கூட்டிப்போனவள் ஸ்டெல்லா. பிள்ளைப்பாக்கத்துக்காரி. மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் சுற்றும் கம்பெனியில் எனக்குப் பக்கத்து மேஜை. இரண்டு பேரும் டெம்பரவரி. காலை ஷிப்ட் வருகிற வாரமெல்லாம் கிடங்குக்கு ஓடுவோம்.

அந்த வெள்ளிக்கிழமை இரண்டு பேருக்கும் மத்தியான ஷிப்ட். மாதக் கடைசியில் எங்களில் ஒருத்தியைத்தான் பர்மனென்ட் ஆக்குவார்கள் என்ற பேச்சு வேறு. நான் தயங்கினேன்.

"ஜுரம்னு லீவு சொல்லிடலாம்டி. நீ முன்னாடி போய் எடம் புடி, நான் வந்துடறேன்" என்றாள்.

ஜுரம் என்று லீவு எழுதிக் கொடுத்தனுப்பிவிட்டு, கிடங்கில் பக்கத்து நாற்காலியில் கைப்பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கடிதங்களைக் கொடுக்க மனமில்லாத ஒரு தபால்காரரின் கதை. வாசலைத் திரும்பித் திரும்பிப் பார்த்ததில் பாதிப் படம் போயிற்று. அவள் வரவில்லை. ஐயோ, நிஜமாகவே ஜுரம் வந்துவிட்டதோ என்று பதறி, ரொட்டி வாங்கிக்கொண்டு அவள் வீட்டுக்கே போனேன். அவ்வளவு புத்திசாலி நான்.

"அவ இன்னும் கம்பெனிலேர்ந்து வர்லியேம்மா" என்றார் அவள் அம்மா.

அப்போதும் எனக்குப் புரியவில்லை. ரொட்டியைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் சூப்பர்வைசர் என் மேஜைக்கு வந்தார். "இன்னாம்மா, ஜுரம் எப்டி கீது? படம் நல்லா இருந்திச்சா?"

ஸ்டெல்லா தலை நிமிராமல் காயில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

சாப்பாட்டு வேளையில் குழாயடியில் அவளை மடக்கினேன். "ஏன்டி சொன்ன?"

டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டே சொன்னாள்: "உனக்கு அண்ணன் கீறாரு. எங்க வூட்ல சம்பாதிக்க நான் ஒருத்திதான்."

"வேலைக்குப் போறதுன்னா போயிருக்கலாமே. என்னை ஏன் எடம் புடிக்கச் சொன்ன?"

அவள் டிபன் பாக்ஸை உதறி மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். எனக்கு இன்றுவரை ஆறாதது அதுதான். போட்டியில் வேலை போயிருந்தால் நாலு நாள் அழுது தீர்த்திருப்பேன். ஆனால் என் கையாலேயே என்னை லீவு எழுத வைத்தாளே.

மாதக் கடைசியில் அவள் பர்மனென்ட். என்னை நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார்கள். அதன்பிறகு ஒரு வெள்ளிக்கிழமை தனியாகப் படத்துக்குப் போனேன். "கூட வர்ற பொண்ணு எங்கம்மா?" என்று ஸ்டுடியோக்காரர் கேட்டார். விளக்கு அணைவதற்கு முன்பே எழுந்து வந்துவிட்டேன்.

மழை விட்டதும் அந்தப் பக்கம் நடந்து பார்த்தேன். கிடங்கை இடித்துக் கண்ணாடிக் கட்டடம் எழுப்பியிருக்கிறார்கள். ஸ்டுடியோ எங்கே என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. காயில் கம்பெனியையும் எப்போதோ மூடிவிட்டார்கள், ஸ்டெல்லாவையும் சேர்த்துத்தான் வீட்டுக்கு அனுப்பினார்களாம். அதைக் கேள்விப்பட்ட அன்று சந்தோஷப்படலாம் என்று எவ்வளவோ முயன்றேன். வரவில்லை.