என் முகத்துக்கு வாய்த்த குரல்

நான் பொப் பாடகனாக இருந்தவன், பின்னர் நடிகனானவன். இவ்விரண்டையும் செய்தவன் ஒரே மனிதன்தான் என்பதை அறிந்தவர்கள் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் இன்று சிலரே எஞ்சியிருக்கிறார்கள். அவர்களும் மறைவதற்கு முன்னர், என் குரலுக்கு நேர்ந்ததை ஒரு முறையேனும் ஒழுங்காக எழுதிவைக்க விரும்புகிறேன். பள்ளிப்படிப்பு எனக்கு எட்டாம் வகுப்போடு நின்றுபோயிற்று. ஹட்டன் கடைகளில் சாமான் சுற்றித் தரும் பழைய பத்திரிகைத் தாள்களை விரித்து வாசித்தே எழுதக் கற்றுக்கொண்டேன். ஆகையால் என் நடையில் எங்கேனும் கசங்கல் தென்பட்டால் வாசிப்போர் பொறுத்தருள வேண்டும்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்களிடம் ஓர் இசைக்குழு இருந்தது. இரண்டு கிற்றார், ஒரு டிரம், ஒரு பொங்கோஸ், நடுவில் நான். தலவாக்கலை, அக்கரப்பத்தனை, ஹட்டன் என்று திருவிழாக்களுக்கும் கல்யாணங்களுக்கும் போவோம். லொறியின் பின்பலகையை இறக்கினால் அதுவே மேடை. பகலில் மலையில் புல்வெட்டிய கைகளோடு மாலையில் ஒலிவாங்கியைப் பிடித்துப் பாடும்போது, முன்வரிசையில் நிற்கும் கொழுந்து பறிக்கும் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பில் ஏளனம் இருந்ததில்லை. அதை நம்பியே நான் பல ஆண்டுகள் வாழ்ந்தேன்.

அப்பாவுக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை. அவர் கவ்வாத்து வெட்டுபவர். தேயிலைச் செடியை இடுப்பளவில் சீராக நறுக்கிவிடும் வேலையில் அவருக்கு நிகர் எங்கள் பிரிவில் கிடையாது என்பார்கள். பேச்சிலும் அதே கத்தியைத்தான் வைத்திருந்தார்.

“கொரலாடா அது? கொழுந்து லொறி ஏத்தத்துல மொனங்குற மாதிரி இருக்கு” என்பார். “பாடுறானாம், பாட்டு! இடுப்பு ஆடுது, வாயி ஆடுது, அர்த்தம் மட்டும் ஆடாம அப்பிடியே நிக்கிது.”

இசைத்தட்டு வெளியிடும் வசதி எங்களுக்கு இல்லை என்றாலும் பாட்டின் நுட்பம் தெரிந்தவர்கள் சிலர் என் குரலை மெச்சியதுண்டு. அவர்களுடைய மெச்சல்களையெல்லாம் ஒரு தட்டிலும், அப்பா ஒரே ஒரு தடவை “நல்லாருக்கு” என்று சொல்வதை மறு தட்டிலும் வைத்தால், எனக்கு இரண்டாவது தட்டே தாழ்ந்திருக்கும். அவர் அதைச் சொல்லவில்லை. வீட்டில் நான் பாடிப் பழகுவதைப் பார்த்ததோடு சரி, மேடைக்கு ஒரு நாளும் வந்ததுமில்லை.

பின்னர் காலம் எங்களைக் கலைத்தது. போர் நடந்த காலமாதலால் இரவில் கூட்டம் கூடுவதற்குப் பொலிஸ் அனுமதி வேண்டும் என்றார்கள். வாத்தியப் பெட்டிகளை ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் இறக்கித் திறந்து காட்ட வேண்டியிருந்தது. திருவிழாக்காரர்கள் கசெட்டும் பெரிய ஒலிபெருக்கியும் போதும் என்று முடிவு செய்தார்கள். டிரம் அடித்தவர் வெளிநாடு போனார். கிற்றார்காரர்கள் இருவரும் கொழும்பில் கடைகளில் சேர்ந்தார்கள். நான் மலையிலேயே தங்கினேன்.

அதே காலத்தில்தான் அப்பாவின் கண்களும் போயின. கவ்வாத்தின்போது தெறித்த குச்சியொன்று முன்னமே ஒரு கண்ணைக் கெடுத்திருந்தது. மற்றதில் பூ விழுந்தது. நுவரெலியாவில் காட்டியபோது, காலம் கடந்துவிட்டது என்றார்கள். அதன்பின் அவர் எங்கள் ஒற்றையறை வீடான காம்பராவின் முன்திண்ணையில், இஸ்தோப்பில், நாற்காலி போட்டு அமர்ந்து, நடக்கிறவர்களின் காலடியை வைத்தே ஆளைச் சொல்லிக் கேலி பண்ணத் தொடங்கினார்.

ஒரு கல்யாண வீட்டில் நான் வாத்தியமில்லாமல் இரண்டு பாட்டுப் பாடியதை, கொழும்பிலிருந்து விருந்தினராக வந்திருந்த நாடக இயக்குநர் ஒருவர் கண்டார். கண்டார் என்பதே பொருத்தமான சொல். கேட்டார் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. மலையகத்தைப் பற்றித் தாம் ஒரு தொலைக்காட்சித் தொடர் எடுக்கப்போவதாகவும், என் முகம் அதற்குத் தேவையென்றும் சொன்னார்.

வீட்டில் சொன்னேன். அந்நாளில் நாடகங்களில் தோட்டத்து ஆள் வந்தால், முதலாளி வீட்டில் வேலைக்காரனாக வந்து, எதையாவது உளறி, சிரிப்பை வாங்கிக்கொண்டு போவதுதான் வழக்கம்.

“பபூன் வேசமா?” என்றார் அப்பா.

“இல்லப்பா. தங்கச்சிய டீச்சராக்குறதுக்காக எல்லாரோடயும் எதுத்து நிக்கிற அண்ணன்.”

“நம்ம சனத்த சிரிப்பாச் சிரிக்க வைக்கிற வேலைனா இந்த இஸ்தோப்புல கால் வைக்காத. இப்பவே சொல்லிட்டேன்.”

“அப்பிடி இல்லப்பா.”

“அப்ப, நாலு வார்த்தை நல்லதாப் பேசுவியா?”

“பேசுவேன்பா.”

“சரி, கேக்குறேன்” என்றார்.

என் குரலைக் கேட்பதாக அவர் வாயால் சொன்னது அன்றுதான். நான் கொல்லைப்புறம் போய்க் குழாயடியில் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன்.

படப்பிடிப்பு இறம்பொடைப் பக்கத்தில் நடந்தது. அருவியின் இரைச்சல் ஓயாமல் இருந்தமையால் பேச்சைப் பின்னர் கொழும்பில் பதிவு செய்வோம் என்றார்கள். நான் ஒவ்வொரு வரியையும் மனனம் செய்து, தங்கைக்காகப் பரிந்து பேசும் இடத்தில் அருவியையும் மீறிக் கேட்கும்படி பேசினேன். படம்பிடித்தவர்கள் கைதட்டினார்கள்.

சில மாதங்களுக்குப் பின் ஒலிப்பதிவுக்கூடத்துக்குச் சென்றேன். என் வரிகள் எழுதிய தாளைப் பிடித்தபடி, ஒலிவாங்கியின் முன் வேறொருவர் நின்றிருந்தார். வானொலி நாடகங்களில் பேசுகிறவர் என்று அறிமுகம் செய்தார்கள். திரையில் என் வாய் அசைந்தது. அறைக்குள் அவர் குரல் எழுந்தது. ஆழமான, உருண்டு வரும், படித்த குரல்.

இயக்குநர் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்தவர். என்னிடம் கடுமை காட்டவில்லை. தோளில் கைபோட்டு வெளியே அழைத்துச் சென்றார்.

“தம்பி, கோவிக்காதையும். உம்மட முகம் அப்பிடியே பாத்திரத்துக்கு ஒட்டுது. குரலிலயும் பிழையில்லை. ஆனா நீர் கதைக்கிற விதம் இருக்கே, அதைக் கேட்டா சனம் சிரிக்கத் தொடங்கீடும். இது சீரியஸான பாத்திரமெல்லோ?”

“நான் தோட்டத்து ஆளா தானே நடிச்சிருக்கேன் சேர்? தோட்டத்து ஆள் இப்பிடித்தானே பேசுவான்?”

“அது எனக்கு விளங்குது. பாக்கிறவைக்கு விளங்காது.” சற்று யோசித்துவிட்டு, “அடுத்த நாடகத்தில ஒரு சமையல்காரன் வாறான். பகிடிப் பாத்திரம். அதில உம்மட குரலையே வைப்பம். உம்மட பேச்சு அதுக்கு அந்தமாதிரிப் பொருந்தும்” என்றார்.

என் குரலில் பேசினால் கோமாளி. கண்ணியமான மனிதனாக வேண்டுமென்றால் வேறொருவர் குரல். இரண்டிலொன்றைத்தான் எடுக்கலாம் என்றால், எதை எடுக்கக்கூடாது என்று அப்பா எனக்கு முன்னமே சொல்லியனுப்பியிருந்தார். சமையல்காரன் வேடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். வாசலில் அந்த வானொலிக்காரர் என் கையைப் பிடித்து, “மன்னிச்சுக்கோங்க அண்ணே, எனக்கு இதுதான் தொழில்” என்றார். அவர்மேல் எனக்கு வருத்தம் எழவில்லை. எழுந்திருந்தால் சற்று இலகுவாக இருந்திருக்கும்.

வீட்டில் மனைவியிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். அப்பாவோ, போகிற வருகிற காலடிகளையெல்லாம் நிறுத்தி, “எம்மகன் பேசப்போறான், வந்து கேளுங்க” என்று அழைப்பு விடுத்துக்கொண்டிருந்தார்.

எங்கள் வரிசை வீடுகளான லயத்தில் தொலைக்காட்சிப் பெட்டி தோட்டத்து லொறிச் சாரதி வீட்டில் மட்டுமே இருந்தது. மின்சாரம் இல்லாதபடியால் லொறியின் பெட்டரியைக் கழற்றி வந்து இணைப்பார். அன்று மாலை அவர் காம்பரா நிறைந்து வாசலிலும் ஆட்கள் நின்றார்கள். அப்பாவின் நாற்காலியைப் பெட்டிக்கு மிக அருகில் போட்டார்கள். நான் கதவோரம் நின்றேன். மனைவி என்னைப் பார்க்கவேயில்லை.

என் முகம் வந்தது. எல்லோரும் கூச்சலிட்டார்கள். பிறகு அந்தக் குரல் பேசியது. கூச்சல் மெல்ல அடங்கியது.

“யாரு பேசுறது?” என்றார் அப்பா.

“ஒங்க மகன்தான் மாமா!” என்றாள் ஒருத்தி. “சட்டையெல்லாம் போட்டு, தொரை மாதிரி நிக்கிறாரு.”

“எம்மகன் கொரலு எனக்குத் தெரியாதா? இது எவனோ. அவன் பேசட்டும், அப்ப சொல்லு.”

திரையில் நான் தங்கைக்காகப் பரிந்து பேசிக்கொண்டிருந்தேன். அப்பா தலையைச் சாய்த்து, அடுத்து வரப்போகும் என் குரலுக்காகக் காத்திருந்தார். நான் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று ஓர் அடி எடுத்து வைத்தேன். அதற்குள் லொறிச் சாரதி முந்திக்கொண்டார். பெட்டிக்குச் சொந்தக்காரர் என்ற முறையில், அது சம்பந்தமான எல்லாவற்றுக்கும் அவரே விளக்கம் சொல்வது வழக்கம்.

“மாமா, இது மெசினு வழியா வருது. மெசினுல ஏறுனா கொரலு மாறிரும். நம்ம கோயில் லவுட்ஸ்பீக்கர்ல பூசாரி பேசுனா பொம்பளக் கொரலாட்டம் வரலயா? அது தகரக் கொழாய். இது கொழும்பு மெசினு. அதான் கொரல நல்லா உருட்டி அனுப்புது.”

அப்பா யோசித்தார். பூசாரியின் குரல் அவருக்கு நன்றாகத் தெரியும். அதைப் பல தடவை கிண்டலும் செய்தவர். முகம் மெல்ல மலர்ந்தது.

“ஓ! அப்ப இது அவன்தானா?”

“அவரேதான் மாமா.”

அதன்பின் அவர் ஒரு சொல்லைக்கூடத் தவறவிடவில்லை. நாடகம் முடிந்ததும் கையை நீட்டி என்னைத் தேடினார். நான் போய்ப் பிடித்தேன்.

“நல்லாருக்குடா” என்றார். “இவ்வளவு நாளா இத எங்கடா ஒளிச்சு வச்சிருந்த?”

வாழ்நாள் முழுதும் நான் காத்திருந்த சொல் அது. அது வந்து சேர்ந்தது, என்னிடம் அல்ல. எல்லோர் முன்னிலையிலும் நான் தலையசைத்தேன். அவருக்கு அது தெரியாது என்பதுகூட அப்போது எனக்கு உறைக்கவில்லை.

வாரந்தோறும் நாடகம் வந்தது. வாரந்தோறும் அப்பா அந்த மகனைக் கேட்டுவிட்டு, இந்த மகனின் கையைப் பிடித்து வீட்டுக்கு வந்தார். ஒரு நாள், சோற்றுத் தட்டை அவர் முன் வைத்து “சாப்புடுங்கப்பா” என்றபோது கையை எடுத்துக்கொண்டார்.

“கொழும்புக்காரனுக்கு மட்டும் அந்த நல்ல கொரலு. அப்பனுக்கு இந்த மொனங்கலு. ஏண்டா, கண்ணு தெரியாதவன்தானே, இவனுக்கு இது போதும்னு நெனச்சிட்டியா?”

அது கேலி அல்ல. என்ன விளக்கம் சொன்னாலும், முதல் நாள் மாலையிலிருந்து எல்லாவற்றையும் பறிக்க வேண்டியிருக்கும். ஆகவே தொண்டையைத் தாழ்த்தி, வானொலிக்காரர் பேசுவதுபோல் மெதுவாக, “அப்பா, சோறு ஆறிவிடப் போகிறது. சாப்பிடுங்கள்” என்றேன்.

அவர் சிரித்தார். தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து வீட்டில் நான் அப்படியே பேசினேன். தேநீர் கொடுக்கும்போது, குளிப்பாட்டும்போது, மழை வருகிறது என்று சொல்லும்போதுகூட அந்தக் குரலில்தான். முதலில் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சில வாரங்கள் சென்றபின், அடுப்பைப் பார்த்தபடியே சொன்னாள்: “ஏங்க, எனக்கு யாரோ வீட்டுக்குள்ள வந்து ஒக்காந்துக்கிட்ட மாதிரி இருக்குங்க.” அவளிடமாவது என் குரலில் பேசலாம் என்று வாயெடுப்பேன். இஸ்தோப்பிலிருந்து அப்பா காது கொடுப்பார். அடக்கிக்கொள்வேன்.

இரண்டாயிரமாம் ஆண்டு கடந்த பின்னும் சில நாடகங்களில் நடித்தேன். வயது ஏற ஏற அண்ணன், மாமன், தகப்பன் என்று. ஒவ்வொன்றிலும் எனக்கு ஒரு குரல் தேடினார்கள்; பெரும்பாலும் அதே மனிதரைத்தான். பாட்டை நான் நிறுத்தவில்லை, அது தானாகவே குறைந்தது. குழு இல்லை, மேடை இல்லை, வீட்டிலும் வாய்திறக்க முடியாது. மலையில் தனியாக நிற்கும்போது எப்போதாவது முணுமுணுப்பேன். பின்னர் நாடகக்காரர்களும் அழைப்பதை விட்டார்கள்.

அப்பா படுக்கையில் விழுந்தது ஒரு மழைக்காலத்தில். உணவு இறங்கவில்லை. ஒரு மதியம் என்னைக் கூப்பிட்டு, “டேய், ஒரு பாட்டுப் பாடு” என்றார்.

வாழ்நாளில் அவர் என்னிடம் கேட்ட ஒரே பாட்டு அது. நான் என்னை மறந்தேன். கட்டிலின் ஓரத்தில் அமர்ந்து, லொறி மேடையில் பாடிய காலத்துப் பாட்டொன்றை எடுத்தேன். எத்தனையோ ஆண்டுகளுக்குப் பிறகு என் குரல் வந்தது. வயது ஏறியிருந்தது, ஆயினும் சுருதி பிசகவில்லை. சமையற்பக்கத்திலிருந்து மனைவி எழுந்து வந்து கதவருகில் நின்றாள்.

அப்பா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

“அது வேணாம்பா. அது பழைய கொரலு. அத நான் கேட்டிருக்கேன். பொட்டியில பேசுவியே, அதுல பாடு.”

அந்த வானொலிக்காரர் பாடி நான் கேட்டதில்லை. அவர் பாடினால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. பாட்டின் வரிகளை அவர் குரலில், இராகமில்லாமல், வசனம்போல ஒவ்வொன்றாகச் சொன்னேன். அப்பாவின் விரல் போர்வையின்மேல் தாளம் போட்டது. இல்லாத தாளத்தை அவர் எங்கிருந்து எடுத்தாரோ.

“இதான்” என்றார்.

அவர் மூச்சு நிற்கும்வரை அந்த அறையில் நான் பேசிய சொற்களெல்லாம் அந்தக் குரலிலேயே பேசப்பட்டன. வாயில் பால் விட்டபோது “அப்பா” என்று நான் கூப்பிட்டதும் அந்தக் குரலில்தான்.