அம்மாவின் நாக்கில் ஆறாத புண்

அம்மா ரொட்டியின் ஓரத்தைப் பிய்த்துத் தட்டில் ஒதுக்கத் தொடங்கியபோது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எண்பதை நெருங்கும் வயது, பல் வலிக்கும் என்று நினைத்தேன். பிறகு இடது பக்கமாக மட்டும் மெல்ல ஆரம்பித்தார். கேட்டால், "சூடு" என்பார்.

அம்மா சைகோனில் பிறந்த சீனப் பெண். அப்பா அங்கே துணிக்கடையில் வேலை பார்த்த முதலியார்பேட்டைக்காரர். வியட்நாம் போர் முடிந்த சமயத்தில் இருவரும் புதுச்சேரிக்கு வந்துவிட்டார்கள். அம்மா சந்தையில் பேரம் பேசுவார், மாதா கோயிலில் தமிழில் ஜெபம் சொல்வார். ஆனால் உடம்புக்கு என்ன செய்கிறது என்று சொல்ல அவரிடம் இருந்தவை இரண்டே சொற்கள்: சூடு, வலி.

வாய்ப்புண் சூட்டினால் வருவது என்பது அவர் ஊர் வைத்தியம். நம் ஊரிலும் அதையேதான் சொல்கிறோம். அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. இளநீர், பார்லிக் கஞ்சி, மணத்தக்காளிக் கீரை என்று ஒரு மாதத்துக்கு மேல் போய்விட்டது.

தெருமுனைப் பல் மருத்துவர் விளக்கடித்துப் பார்த்தார். உடைந்த கடைவாய்ப்பல்லின் கூர், நாக்கின் வலது ஓரத்தை உரசிக்கொண்டே இருந்திருக்கிறது. பல்லை எடுத்துவிட்டு, "ரெண்டு வாரத்துல புண்ணு ஆறலன்னா சும்மா இருக்காதீங்க" என்றார்.

ஆறவில்லை. கோரிமேட்டுப் பெரிய ஆஸ்பத்திரியில் பயாப்சி (புண்ணிலிருந்து சிறு துணுக்கை எடுத்துச் சோதிப்பது) செய்தார்கள். புற்றுநோய், ஆரம்ப நிலை. நாக்கின் ஒரு பகுதியையும் கழுத்து நெறிக்கட்டிகளையும் (நோய் முதலில் பரவும் இடங்கள்) எடுக்க வேண்டும் என்றார் அறுவை மருத்துவர், நடுவயதுப் பெண்.

அம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். வழக்கம்போல நான் அவருக்காகப் பதில் சொல்லத் தொடங்கினேன்.

"நீங்க கொஞ்சம் இருங்கம்மா, அவங்க சொல்லட்டும்" என்றார் மருத்துவர். பிறகு அம்மாவிடம், "உங்களுக்கு இன்னா பயம்?" என்று மெதுவாகக் கேட்டார்.

அம்மா அவரிடமே சொன்னார். "பாரிஸ்ல தங்கச்சி இருக்கு. சீன பாஷை அது கூட மட்டும்தான். நாக்கு வெட்டினா, அது கூட எப்படிப் பேசறது?"

"தமிழ் கொஞ்சம் கொழகொழன்னு வரும். பயிற்சி செஞ்சா தெளியும். உங்க பாஷை எனக்குத் தெரியாதும்மா. அதுக்கு நான் வாக்குக் குடுக்க முடியாது."

அம்மா அவர் முகத்தையே பார்த்தார். "பொய் சொல்லல" என்று என்னிடம் சொன்னார். அதன்பிறகுதான் சம்மதித்தார்.

அறுவைக்குப் பின் மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகும் குழாயில் கஞ்சி ஊற்றினோம். கதிர்வீச்சு தேவைப்படவில்லை. குழாயை எடுத்த பிறகு அம்மா பேசிய தமிழ் எனக்குப் பாதிகூடப் புரியவில்லை. தண்ணீர் கேட்கிறாரா, போர்வை கேட்கிறாரா என்று திணறினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் சித்தியை வீடியோவில் அழைத்தேன். அம்மா தயங்கித் தயங்கி ஏதோ சொன்னார். சித்தி உடனே பதில் சொன்னார். மறுபடி அம்மா, மறுபடி சித்தி. பிறகு இருவரும் சிரித்தார்கள். அந்த மொழியில் குரலின் ஏற்ற இறக்கத்திலேயே பாதிப் பொருள் இருக்கிறதாம். அது குரல்வளையில் பிறப்பது, கத்தி அங்கே போகவில்லை. நான் அடுக்களைக்குப் போய் அழுதேன்.

இதே நிலையில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். இரண்டு வாரத்தில் ஆறாத வாய்ப்புண்ணை மருத்துவரிடம் காட்டுங்கள். காட்டும்போது, யாருடைய வாயோ அவரையே பேசவிடுங்கள்.

இப்போது எங்கள் நாட்கள் ஒரு பரிசோதனையிலிருந்து அடுத்த பரிசோதனைவரை என்று நீள்கின்றன. காலையில் அம்மா கண்ணாடி முன் நாக்கை நீட்டிப் பார்க்கிறார், புது வீட்டைச் சுற்றிப் பார்ப்பதுபோல. குழைந்த சோற்றையும் மீனையும் சிறு சிறு கவளமாக இடது பக்கம் தள்ளி விழுங்குகிறார். மதியச் சாப்பாடு பிற்பகல்வரை போகும்.

நேற்று என் கண் கடிகாரத்துக்குப் போனதைப் பார்த்துவிட்டார்.

"வேல இருந்தா நீ போ" என்றார், ஒவ்வொரு சொல்லாக. "நான் இன்னும் சாப்புடறேன்."

நான் போகவில்லை. இன்னும் கொஞ்சம் மீன் எடுத்து, முள் பார்த்து வைத்தேன்.