காசிமேடு ஆன கிளிஞ்சல்மேடு

காரைக்காலை அடுத்த கிளிஞ்சல்மேட்டு அகரன் ஃபைபர் படகில் மீன்பிடிக்கப் போகிறவன், ராப் பாடுகிறவன். முகம்கூட நினைவில்லாத அக்காவைச் சுனாமி கொண்டுபோனதைப் பற்றி ஒரு பாட்டு எழுதினான். “கடலம்மா, எங்க அக்காவக் குடுத்துடுங்க” என்று அதில் கடலிடம் கேட்டிருந்தான். பின்னணிக்குப் படகு எஞ்சினின் சத்தத்தையே பதிவுசெய்து, சென்னையில் ஒரு ஸ்டுடியோவுக்கு அனுப்பினான். உடனே கூப்பிட்டார்கள்.

“பாட்டு சூப்பர் ப்ரோ” என்றார் ஸ்டுடியோக்காரர். “ஆனா கிளிஞ்சல்மேடுன்னா யாருக்குத் தெரியும்? காசிமேடுன்னு மாத்திடு. கடல்கிட்ட என்னாத்துக்கு மரியாதை? நம்ம மெட்ராஸ் பாஷையில கோவமா கேளு.”

அகரன் தயங்கினான். இதை விட்டால் வேறு வாய்ப்பு வராது என்று பயந்து, மாற்றிப் பாடினான். பாட்டு எங்கும் ஒலித்தது. காரைக்கால் பேருந்து நிலையத்தில்கூடக் கேட்டது.

அம்மா பூவாயி மீன்கூடையை இறக்கிவைத்துவிட்டு, முழுப் பாட்டையும் கேட்டாள்.

“எம்பொண்ணு காசிமேட்டுலயாடா செத்தா?”



அகரன் மனம் பொறுக்காமல், சொந்த ஊர்ப்பேரோடு இருந்த பழைய பதிவை இணையத்தில் போட்டான். ‘காசிமேட்டுப் பாட்டத் திருடி ஊர்ப்பேர மாத்திட்டான்’ என்று யாரோ எழுத, மற்றவர்களும் சேர்ந்துகொண்டு திட்டினார்கள். திட்டியவர்களில் காரைக்கால்காரர்களும் இருந்தார்கள். பாட்டு தங்களுக்குச் சொந்தமானது என்று ஸ்டுடியோ புகார் கொடுத்ததும் அந்தப் பதிவு நீக்கப்பட்டது.

அகரன் இப்போது எதுவும் எழுதுவதில்லை.