மயில்கழுத்து நிறப் பாவாடை

அப்பா இறந்த பிறகு எதையும் கேட்காத என் தங்கை, பள்ளி ஆண்டு விழாவில் ஆடுவதற்கு ஒரு பாவாடை கேட்டாள். அப்போது எங்கள் ஊர் தியேட்டரில் ஓடிய படத்தில் கதாநாயகி உடுத்திய அதே நிறத்தில் வேண்டுமாம். தைக்க எனக்குத் தெரியும். நிறம்தான் பிடிபடவில்லை. தியேட்டர் ஆபரேட்டர், அறுந்துபோன பிலிமில் ஒரு துண்டைக் கொடுத்தார். கள்ளக்குறிச்சிக் கடைகளில் எந்தத் துணியும் அதோடு ஒத்துப்போகவில்லை.

திருக்கோவிலூருக்கு பஸ் ஏறினேன். இடஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த சமயம் அது. பாதி வழியில் ரோட்டுக்குக் குறுக்கே புளியமரத்தை வெட்டிப் போட்டிருந்தார்கள். இறங்கி நடந்த என்னை, கோடாலியோடு நின்ற ஒருவர் தடுத்தார்.

"இன்னாம்மா, எங்க போற? அங்க கடையெல்லாம் மூடிக் கெடக்குது."

பயத்தில் பிலிமை நீட்டி விஷயத்தைச் சொன்னேன். வெயிலில் பிடித்துப் பார்த்து, "பச்ச" என்றார். பக்கத்தில் நின்றவர், "நீலம்டா" என்றார். ஆளாளுக்கு வாங்கிப் பார்த்தார்கள்.

"மயில்கழுத்து! எம் பொண்டாட்டிகிட்ட இதே கலர்ல பொடவ இருக்குது" என்று கோடாலிக்காரர் ரோட்டோரத்திலிருந்த தன் வீட்டுக்குக் கூட்டிப்போனார்.

அவர் மனைவி புடவையை வெளிச்சத்தில் விரித்தார். அதே நிறம். நான் வேண்டாம் என்பதற்குள் பாதியாகக் கிழித்துவிட்டார்.

"கொழந்த ஆடட்டும்."

தங்கை ஆடினாள். வெகுநாள் கழித்துச் சிரித்தாள்.

நன்றி சொல்லப் போனபோது, மரம் வெட்டியதற்காகக் கோடாலிக்காரரைப் போலீஸ் பிடித்துப் போயிருந்தது. வாசலில் அந்த அக்கா தனியாக விறகு பிளந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நிமிர்ந்தார்.

"வாம்மா. கலரு ஒத்துப்போச்சா?" என்றுதான் முதலில் கேட்டார்.

புடவையைக் கிழித்துக் கொடுத்ததைவிட, அந்த நிலையில் அவர் கேட்ட அந்தக் கேள்விதான் இன்றும் எனக்குப் பெரிதாகப் படுகிறது.