கடிதத்தில் இல்லாத பாலம்

எங்களிடம் ஓட்டுநராக இருந்த அர்த்தநாரி அண்ணன் இறந்துவிட்டார் என்ற செய்தி செவ்வாய்க்கிழமை காலை அலுவலகத்துக்கு வந்தது. திருச்செங்கோட்டிலிருந்து வடக்கே ஆழ்துளைக் கிணறு போடப் போகும் ரிக் வண்டிகள் எங்கே நிற்கின்றன என்று திரையில் கண்காணிப்பது என் வேலை. அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நெஞ்சுவலி என்றார்கள். எனக்கு அழுகைக்கு முன்னால் கோபம்தான் வந்தது.

அவரோடு வண்டியில் போனவர்களுக்கு அந்த வரைபடப் புத்தகம் நினைவிருக்கும். "கம்பி தாழ்வு", "மழை பெய்தால் போகாதே" என்று பக்கமெல்லாம் பென்சிலில் குறித்திருப்பார். சந்தேகமான பாலம் வந்தால் இறங்கிவிடுவார். வண்டியின் உயரத்துக்கு வெட்டி வைத்திருந்த மூங்கிலைப் பாலத்தின் அடியில் நிறுத்திப் பார்த்த பிறகுதான் வண்டியை நகர்த்துவார். அதைக் கேலி செய்தவர்களும் அவர் இழவு வீட்டுக்குப் பூமாலையோடு வந்திருந்தார்கள்.

போன் காட்டும் வழியில்தான் எல்லோரும் போக வேண்டும் என்று நிர்வாகம் உத்தரவு போட்டபோது என் மேசைக்கு வந்தார். "ஏனுங்க அம்மிணி, நம்ம வண்டி எத்தன உசரம்னு போனுக்குத் தெரியுமுங்களா?" என்று கேட்டார். நான் சிரித்து மழுப்பினேன். அம்மாபேட்டையில் இருக்கும் அக்கா வீட்டுக்கு நானும் போனைப் பார்த்துத்தான் ஸ்கூட்டரில் போகிறேன். ஸ்கூட்டருக்கும் ரிக்குக்கும் அது ஒரே வழியைத்தான் காட்டும். இதைப் புரிந்துகொள்ள என்ன பெரிய படிப்பு வேண்டும்?

ஒருநாள் மதியம் வெளிமாநிலத்திலிருந்து அழைத்தார். "ரயில் பாலமுங்க. மூங்கில் உள்ள நுழையல. நானு மேக்கால சுத்திப் போயிக்கறேன்." "சரிங்கண்ணா" என்றேன். வழி விலகியதால் என் திரையில் அவர் வண்டி சிவப்பாக மாறியது. அடுத்த வாரம் மேலாளர் சொன்ன கடிதத்தை அடித்தேன்: "அனுமதியின்றி வழி மாறியதால் வண்டியிலிருந்து இறக்கப்படுகிறார்."

அண்ணன் அதை இரண்டு முறை படித்தார். "எறக்குனா எறக்கிக்குங்க. ஏன் சுத்துனேன்னு ஒரு வரி எழுதிப்போட்டு எறக்குங்க. நாளைக்கு இதப் படிக்கறவன் எனக்கு வழி தெரியலைன்னுல்ல நெனப்பான்?"

"ஸ்கிரீன்ல பாலமே காட்டலீங்களே அண்ணா" என்றார் மேலாளர்.

பாலத்தின் அடியில் நின்று அளந்து பார்த்த மனிதரிடம், ஏசி அறையில் உட்கார்ந்துகொண்டு பாலம் இல்லை என்கிறார்! நான் கடிதத்தின் நகலைக் கோப்பில் சேர்த்தேன்.

அடுத்த மாதமே எங்களுடைய இன்னொரு ரிக், போன் சொன்னபடி போய், அதே பாலத்தில் மாட்டி மேற்பகுதி நசுங்கியது. அப்போதாவது அந்த ஒரு வரியை எழுதினார்களா? இல்லை. அண்ணன் இரண்டு முறை வந்து கேட்டார். "பார்க்கலாமுங்க" என்று அனுப்பிவிட்டார்கள். அவர் வேலையைத் திருப்பிக் கேட்கவில்லை. அந்த ஒரு வரியைத்தான் கேட்டார். அது கிடைக்காமலே போய்விட்டார். இழவு வீட்டிலோ, "இந்தியா ரோடெல்லாம் மனப்பாடமா வெச்சிருந்த மனுசனுங்க" என்று மேலாளர் வாய் கூசாமல் பேசினார். எனக்கு அங்கே நிற்கப் பிடிக்கவில்லை.

அவரை அறிந்தவர்களுக்குச் சொல்கிறேன்: அண்ணனுக்கு வழி தெரியும். வழி மாறியதற்குக் காரணம் இருந்தது. அது எனக்குத் தெரிந்தே அந்தக் கடிதத்தை அடித்தேன்.

நேற்று இன்னொரு ஓட்டுநருக்கு அதே மாதிரிக் கடிதம் அடிக்கச் சொன்னார் மேலாளர். "அவரு ஏன் சுத்துனாருன்னு கேட்டு, அதையும் சேர்த்து எழுதறதுன்னா அடிக்கறேனுங்க. இல்லைன்னா வேற ஆளப் பாத்துக்குங்க" என்றேன். அண்ணனிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது இந்தப் பிடிவாதம்தான். அவர் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு என் எதிரே நின்ற அன்றைக்கே அது எனக்கு வந்திருக்க வேண்டும்.