உருட்டிப் பார்க்கிறவர்

வெள்ளவத்தையில் ஒரு விளையாட்டுச் சாமான் கடையில் நிற்பவர். மெலிந்த ஆள், மேலுதட்டில் பழைய தழும்பு. எந்த ஹொக்கிப் பந்தையும் தரையில் உருட்டிப் பார்க்காமல் விற்கமாட்டார்.

எங்கள் கழகத்துப் பெண்கள் அணிக்கு மட்ச் பந்து வாங்கப் போனேன். என் பையில் கிடந்த பயிற்சிப் பந்துகளையும் வாங்கி உருட்டினார். கீறல் விட்டிருந்த மூன்று தள்ளாடின.

“வெடிச்ச பந்து எங்க எழும்பும் எண்டு அதுக்கே தெரியாது. எறியுங்கோ.”

“ட்ரெய்னிங்குக்குத்தானே அண்ணை, காணும்.”

“ட்ரெய்னிங்குக்கு வாற பிள்ளையளுக்கு வேற முகமோ, தம்பி?”

பயிற்சிக்கும் புதுப் பந்தே வாங்கினேன்.

அடுத்த மாதம் போய், மட்சில் தோற்றதைச் சொன்னேன். எத்தனை கோல் என்று அவர் கேட்கவில்லை.

“பந்து ஒருத்தருக்கும் படேல்லைத்தானே?”

இல்லை என்றதும் தழும்பு விரியச் சிரித்தார். அது எப்படி வந்ததென்று இன்றுவரை நான் கேட்கவில்லை.